கண் கேம்ப் நடத்திய வீடு

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழி உண்டு. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைக் காப்பி நோட்டில் பத்துத் தடவையாவது எழுதியிருப்போம். என் அப்பாவும் அம்மாவும் எழுதியதோடு நிற்காமல் அதை நம்பவும் செய்தார்கள். நானும் அவர்களை ஏமாற்றவில்லை. தானே வளர்ந்தேன்.

இப்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற கட்சி. உங்களுக்கு மருமகளோ பேத்தியோ விட்டுவிடுவார்கள். எனக்கு நானேதான். பாதி மருந்து கண்ணில், மீதி கன்னத்தில். போன வாரம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சின்ன வயதுக்காரர்களிடம் சொன்னால், ஒரு மூக்குக் கண்ணாடி போட்டதற்கா இவ்வளவு பெரிய கதை என்பார்கள். நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள். நமக்கு வேறு என்ன வேலை?

கேரளத்தில், பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. அரை மணி நேரம் நடந்தால் தமிழ்நாடு. அப்பா பஞ்சாயத்து பிரசிடெண்ட். அம்மா எங்கள் மிஷன் சபையில் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஊரில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சங்கத்தம்மா என்பார்கள். முன்னறையில் சுவரோரமாக ஒரு நீளமான பெஞ்சு கிடந்தது. விடிந்ததும் அதில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், கிணற்றுத் தகராறு, மகனை அடிக்கிற மருமகள், மருமகளை அடிக்கிற மகன். தமிழில் அழுகிறவர்களுக்கு அப்பா மலையாளத்தில் மனு எழுதிக் கொடுப்பார். அழுகை அப்படியே மொழி மாறிக் காகிதத்தில் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் பிடியரிசி. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை தோறும் அம்மாவும் சங்கத்துப் பெண்களும் அதை வாங்கி வந்து, நோயாளி இருக்கிற வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஜாதி, சபை பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போகிற வீட்டுக்கும் போகும், பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுக்கும் போகும்.

இரண்டு பேரும் நல்லவர்கள். பின்னால் நான் என்ன சொன்னாலும் இதை மறந்துவிடாதீர்கள். பஞ்சாயத்துக்கு வந்த சிமெண்டில் ஒரு கை கூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டுப் படி உடைந்தே கிடந்தது. அப்பா ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அம்மா முடிப்பாள். அப்படி ஒரு ஜோடியை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை, என் சொந்தக் கல்யாணத்தில் நிச்சயமாகப் பார்க்கவில்லை.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. "நம்ம பிள்ளை கடைசி." அம்மை குத்தும் வரிசையில் நான் கடைசி. கிறிஸ்துமஸ் மிட்டாய்க்குக் கடைசி. சபையிலும் கடைசி வரிசை, முன்னால் மற்றப் பிள்ளைகள் உட்காரட்டும் என்று. பிரசிடெண்ட் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது. வேறு பிள்ளை இல்லாத வீடு. அந்தச் சட்டம் முழுவதும் எனக்கு மட்டும்தான்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் என்மேல் ஒரு புகார் வந்தது. எனக்குத் திமிராம். வார்டு மெம்பரின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "பிரசிடெண்டுக்க மவளாக்கும்னு பிள்ளைக்கு நல்ல கெத்து உண்டு. நேரே எதிர்ல வந்தாலும் சிரிக்காது. மொகத்த ஒரு மாதிரி சுருக்கிட்டுப் போவுது."

அப்பாவுக்கு அது பெரிய அடி. அவர் கோபப்படுகிறவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "மக்கா, நாம நாலு பேருக்கு முன்னால நிக்குறவங்களாக்கும். வழியில காணுற எல்லாருக்கும் தோத்திரம் சொல்லணும். கேட்டியா?" என்றார்.

கேட்டேன். எங்கள் சபையில் வணக்கத்துக்குப் பதில் தோத்திரம்தான். மறுநாளிலிருந்து வழியில் எது தென்பட்டாலும் தோத்திரம் சொன்னேன். வெள்ளையாக எது நின்றாலும் ஆள் என்று வைத்துக்கொள்வேன். கட்டியிருந்த கன்றுக்குட்டிக்குச் சொன்னேன். வேலியில் காய்ந்த வேட்டிக்குச் சொன்னேன். கேரளாவும் தமிழ்நாடும் பிரிகிற இடத்தில் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் ஒன்று உண்டு. யாரோ பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக் கைகூப்பி நின்றுவிட்டேன். பின்னால் வந்த பையன்கள் அன்று முழுவதும் சிரித்தார்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோழிக்கூட்டின் பின்னால் உட்கார்ந்து அழுதேன், பெஞ்சில் இருந்தவர்கள் போன பிறகும் யாரும் தேடி வரவில்லை.

எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்து அடிக்கு அப்பால் இருப்பவருக்கு முகம் கிடையாது. நடையும் குரலும் உண்டு. மற்றவர்கள் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கோடையில்தான் கண் கேம்ப் வந்தது. நகரத்திலிருந்து டாக்டர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கண் பார்ப்பார்கள். முந்தின வருஷம் வேறொரு பஞ்சாயத்தில் நடந்தபோது மலையாள எழுத்து அட்டையைத்தான் தொங்கவிட்டார்களாம். தமிழ் மட்டும் படித்தவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்களாம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம ஆளுகளுக்குத் தமிழ்ல ஒரு அட்டை நாமளே எழுதணும்," என்றாள். டாக்டர்களிடம் எழுத்தின் அளவை எழுதி வாங்கிவந்தார் அப்பா.

மூன்று நாள் சாயங்காலம், பெஞ்சு காலியான பிறகு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்த அட்டையை எழுதினார்கள். அப்பா ஸ்கேல் வைத்துக் கோடு போட, அம்மா கறுப்பு மையில் எழுத்தை நிரப்பினாள். மைக்குப்பியைச் சரியாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. மேலே ஒரே ஒரு பெரிய ம. அதற்குக் கீழே ர, ப. பிறகு மூன்று எழுத்து, நான்கு எழுத்து என்று சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியில் கடுகு மாதிரி ஏழு எழுத்து. கடைசி எழுத்து ழ. அதன் வால் இரண்டு தடவை கோணிப்போய், அம்மா பிளேடால் சுரண்டிவிட்டு மூன்றாவது தடவை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் எழுதும்போது மெல்லச் சொல்வாள், நானும் கூடச் சொல்வேன். என் முழங்கால் அம்மாவின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்த எழுத்துகள் எனக்கு ஏன் மனப்பாடம் ஆயின என்று யாரும் கேட்க வேண்டாம்.

பிறகு ஒரு நாள் சங்கத்துப் பெண்களுக்குப் பயிற்சி. அட்டையை உள்ளறைச் சுவரில் தொங்கவிட்டு, இருபது அடி கணக்குப் பண்ணி, முன்னறையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள் அம்மா. ஒவ்வொருத்தியாகக் கோட்டில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கதவு வழியாக வாசித்தார்கள். ஒருத்தி ய என்பதை ப என்று வாசித்தாள். "ரெண்டாவது தடவ பாரு, நடுவுல கோடு தெரியுதா?" என்றாள் அம்மா. "ஆமாக்கா, இப்ப காணுது" என்றாள் அவள்.

அவர்கள் போன பிறகு நான் அந்தக் கோட்டில் நின்று பார்த்தேன். வெள்ளையாக ஒரு அட்டை. மேலே கறுப்பாக ஒரு அழுக்கு. அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அங்கிருந்து எழுத்து தெரிகிறது, நடுக்கோடு கூடத் தெரிகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இரண்டு நாள் கழித்து மீன்கார அக்கா அதைப் போட்டு உடைத்தாள். கூடையை இறக்கிவிட்டு, நான் மீன் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "சங்கத்தம்மா, ஒங்க பிள்ளைக்குக் கண்ணு காணாதாக்கும். சாளைய மூக்குல ஒட்டி வச்சுப் பாக்குது, கண்டியளா?" என்றாள்.

அம்மா கையிலிருந்த பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்படியா மக்கா?"

நான் சாளையைத் திரும்பக் கூடையில் போட்டேன்.

"கேம்ப் வருதுல்லா. ஊரு ஆளுக எல்லாரும் பாத்து முடியட்டு. கடைசியா இவளுக்கும் பாப்போம்," என்று சொல்லி அம்மா பட்டியலுக்குத் திரும்பினாள். அதில் காரோடு, திருப்புறம் பக்கத்திலிருந்து வரப்போகிற கண் தெரியாதவர்களின் பெயர்கள் இருந்தன.

கேம்ப் அன்றைக்குப் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. கைபிடித்துக் கூட்டி வந்தவர்கள், தோளில் தூக்கி வந்தவர்கள். பிடியரிசிக் கஞ்சியும் பயறும் துவையலும். அப்பா வரிசையை ஒழுங்குபடுத்தினார். அம்மா அட்டைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியோடு நின்றாள், ஏனென்றால் டாக்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவள் குச்சியால் தொட்டுக் காட்டி, சரியா தப்பா என்று அவருக்குச் சொன்னாள். காலையிலிருந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. பனையேறிக் கண்ணில் செதில் விழுந்த ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வராந்தாவில் உட்கார்ந்து வரிசை குறைவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. இன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

வெயில் சாய்ந்தபோது டாக்டர் எழுந்து கைகழுவினார். "ஒராள் கூடி உண்டு சாரே," என்றாள் அம்மா. "எங்களுடெ மோளாணு." எங்கள் மகள் என்று.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனையோ பேருக்கு அவள் வக்காலத்து வாங்கிக் கேட்டிருக்கிறேன். 'எங்களுடையது' என்று அவள் ஒன்றைச் சொன்னதே கிடையாது. மெம்பர்கள் பெஞ்சுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அப்பா அருகில் வந்து நின்றார்.

"மோளே, வாயிச்சோ," என்றார் டாக்டர்.

இடது கண்ணைப் பொத்தினேன். எதிரே வெள்ளை அட்டை, அதன் பக்கத்தில் அம்மாவின் வெள்ளைச் சேலை. குச்சி எனக்குத் தெரியவில்லை. அது அட்டையைத் தொடுகிற சத்தம் கேட்டது. டக்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று நாளைக்குப் பெஞ்சில் பேசுவார்கள் என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்காக மட்டும் இல்லை. அம்மாவின் குரல் அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ம, என்றேன். டக். ர. டக். ப. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எழுத்தாக, கடைசி வரி ழ வரைக்கும் போனேன். பிறகு கையை மாற்றி மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பவும் ம என்று தொடங்கினேன்.

"மிடுக்கி!" என்றார் டாக்டர். கெட்டிக்காரி என்று அர்த்தம். மெம்பர்கள் கைதட்டினார்கள். அம்மா என் தலையில் கைவைத்தாள், அவள் கையில் கஞ்சி வாடை அடித்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அடுத்த வாரம் திரும்பவும் திமிர்ப் புகார் வந்தது. இந்தத் தடவை யாருடைய தோத்திரத்துக்கோ நான் பதில் சொல்லவில்லையாம். அப்பா சொன்னார்: "கண்ணுல ஒரு குறையும் இல்லன்னு டாக்டரு சொல்லியாச்சு. பிறகு என்னத்துக்கு ஆளக் கண்டா மொகத்தத் திருப்புற?" அம்மாவும் தலையசைத்தாள். எனக்கிருந்த ஒரே சாட்சியை நானே கலைத்துவிட்டிருந்தேன். மீன்கார அக்கா கூட, "டாக்டரு பாத்தாச்சுல்லா, அப்போ செரிதான்" என்று விட்டுவிட்டாள். அதன் பிறகு நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆளைப் பார்க்காவிட்டால் அவமரியாதையும் கிடையாது, இல்லையா?

ஜூன் மழையில் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பாவே வந்து ஹெட்மாஸ்டரிடம் கேட்டு என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். நம்ம பிள்ளை கடைசி. கணக்குக்குப் புதிதாக ஒரு சார் வந்திருந்தார். தனுவச்சபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கண்ணாடி சோடாப்புட்டி மாதிரி இருக்கும். மூன்று நாள் என்னைக் கவனித்துவிட்டு நாலாம் நாள் என் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏன் பிள்ளே, கண்ண இப்படிச் சுருக்குற? நானும் சின்னதுல இப்படித்தான் சுருக்குவேன்," என்று சொல்லித் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் வைத்தார்.

கண் கூசித் தலை சுற்றியது. அப்புறம் கரும்பலகை தெரிந்தது. அதற்கு மேலே, ஓட்டுக்குக் கீழே, ஒரு பல்லி இருந்தது. "பல்லி!" என்று கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பல்லி பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறதாம். அதற்கு ஒரு பெயர் கூட வைத்திருந்தார்களாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணக்கு சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது அப்பா நிமிர்ந்து பார்க்காமல், "மனுவைத் தாங்க," என்று கையை நீட்டினார்.

"மனு ஒண்ணும் இல்ல சார். ஒங்க மகளுக்குக் கண்ணு காணாது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இல்ல சாரே. கேம்ப்ல பாத்தாச்சு. கடைசி வரி வரைக்கும் வாசிச்சா."

"அந்த அட்டைய எழுதுனது யாரு?"

சமையலறையிலிருந்து அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பா எழுந்து, செருப்பு கூடப் போடாமல், மழையில் இறங்கிக் கேட் வரைக்கும் நடந்தார். அங்கே நின்று கையைத் தூக்கினார். "மக்கா, எத்தன விரலு?"

வெள்ளைச் சட்டை தெரிந்தது. பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், பாவம், எனக்கு உதவி செய்கிறாராம், வாயைப் பொத்திக்கொண்டு, "மூணு மக்கா, மூணுன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டில் நின்று திரும்பவும் "எத்தன மக்கா?" என்று கேட்ட குரல் பயந்துபோயிருந்தது. அப்பாவுக்குப் பயம் வரும் என்று எனக்குத் தெரியாது.

"தெரியல்லப்பா. ஒங்க கையே தெரியல்ல," என்றேன்.

அவர் திரும்பி வரும்போதும் மூன்று விரலும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் நாளக் கழிச்சு வாங்க. நாளைக்கு நாங்க வீட்டுல இல்ல," என்றார். அப்படி அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் மூன்று பேரும் நெய்யாற்றின்கரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வீட்டைப் பூட்ட வேண்டும் என்றபோதுதான் எங்கள் வீட்டில் பூட்டே கிடையாது என்பது தெரிந்தது. அப்பா ஜங்ஷனுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பஸ்ஸில் நான் நடுவில் உட்கார்ந்தேன். "எதுக்கு மக்கா அப்படிச் சொன்ன, எல்லாம் காணுதுன்னு?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க மகள்னு சொன்னீங்கல்லா," என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா கேட்டார்: "அப்போ, பஞ்சாயத்து ஜீப்புல போகும்போது நான் ஒனக்குக் கை காட்டுறது?"

"எப்பப்பா?"

"எப்பவும்தான். பள்ளிக்கூடத்து வளைவுல."

"காணல்ல."

கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அப்பா டிக்கெட்டுக்குக் காசு எடுத்தார்.

கண்ணாடி வர ஒரு வாரமாயிற்று. சனிக்கிழமை கைக்கு வந்தது. அதற்குள் பெஞ்சு திரும்பவும் நிறைந்துவிட்டது, பூட்டு அலமாரிக்குள் போய்விட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. மழையில் நாலு வீடு இடிந்திருந்தது, அவர்கள் எங்கே போவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சபையில் என் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அம்மா பாடகர் குழுவில் பாடுகிறவள். பாடகர் வரிசை பீடத்தின் ஓரத்தில், சபையைப் பார்த்து இருக்கும். அதுவரை எனக்கு அது வெள்ளைச் சேலைகளின் வரிசை. அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. அம்மாவின் முகம் மூன்றாவதாக இருந்தது. களைத்த முகம். தூரத்திலிருந்து அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆராதனை தொடங்குவதற்கு முன் அவள் தலையைத் தூக்கினாள். முன் வரிசையிலிருந்து வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நோயில் விழுந்தவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்று தேடுகிறாள் போலும் என்று நினைத்தேன். கடைசி வரிசையில், என் மேல் வந்து அவள் கண் நின்றது. லேசாகத் தலையை அசைத்து, எனக்கே எனக்கென்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். புதிய கண்ணாடிக்காக வந்த சிரிப்பு இல்லை அது. வாராவாரம் சிரித்துப் பழகிய சிரிப்பு, அது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து விட்டுவிட்ட பழக்கம் அது. நான் சிரித்தபோது அவள் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.